புற்றுநோயாளிகளின் குடும்பத்தினருக்கான செயலியை வடிவமைக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்கு ஆறு சுற்று கீமோவும், அதன்பின் எங்கள் பக்கம் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லப்படும் கதிர்வீச்சும் பெற்ற என் அம்மாவுக்குத் துணையிருந்த மகள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மாத்திரை நேரத்தை நினைவூட்டும் மணியோடு உங்கள் செயலி நின்றுவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள். மாத்திரையை நாங்கள் ஒருநாளும் மறந்ததில்லை. எந்த வேலையை யாரிடம் எப்படிக் கேட்பது என்பதில்தான் திணறினோம்.

செய்தி தெரிந்ததும் சித்தி, பெரியப்பா, அண்ணி, அலுவலகத் தோழிகள் என எல்லோரும் "எதுவானாலும் தயங்காமல் கேள்" என்றார்கள். மனதாரத்தான் சொன்னார்கள். ஒவ்வொருவரையும் அழைத்துக் கேட்கும் தெம்பு எனக்கு இருக்கவில்லை. காலை ஆறு மணிக்கு மருத்துவமனையில் டோக்கன் போடுவது, இரத்தப் பரிசோதனை முடிவை வாங்கி வருவது, வாய்ப்புண் இருக்கும் நாட்களில் காரமில்லாத குழைந்த சாதம் கொண்டுவருவது என அந்த அன்பை நாளும் நேரமும் குறித்த வேலைகளாகச் செயலி பிரித்துக் காட்ட வேண்டும். ஒருவர் ஏற்றுக்கொண்டதும் மற்றவர்களுக்கும் அது தெரிய வேண்டும். இரத்தம் உறைய உதவும் அணுக்களான பிளேட்லெட்டுகளை ஏறத்தாழ ஐந்து நாட்களுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது என்பதால், கொடுக்கக்கூடிய உறவினர்களின் இரத்த வகையும் அவர்கள் கடைசியாகக் கொடுத்த தேதியும் முன்கூட்டியே பதிவாகியிருப்பது பேருதவியாக இருக்கும். நோயாளியின் நிலையை ஒரே இடத்தில் எழுதி அனைவருக்கும் தெரிவிக்கும் கேரிங்பிரிட்ஜ் என்ற இணையதளம் 1997இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. இருந்தும், ஒரே பதிலை ஒரு மாலையில் பத்து பேருக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் சுற்று முடிந்த பத்தாம் நாள் இரவு இரண்டு மணிக்கு, அம்மாவின் அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 101 காட்டியது. பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை பார்க்கலாம் என்றார் அப்பா. கீமோ வார்டில் செவிலியர் சொல்லச் சொல்ல நான் எழுதி வைத்திருந்த நாற்பது பக்க நோட்டைப் புரட்டினேன், 100.4 வந்தால் காத்திருக்கக் கூடாது என்ற வரி, மளிகைக் கணக்குக்கு நடுவே கிடைத்தது. பெரும்பாலான கீமோ மருந்துகளுக்கு ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிடும்; அப்போது கிருமித்தொற்றுக்குக் காய்ச்சல் ஒன்றே அறிகுறியாக இருக்கலாம். எனவே அந்த எண்ணைப் பதிந்ததும் வரைபடம் எதுவும் வேண்டாம்: மருத்துவமனையை அழைக்கும் ஒரு பொத்தான், கடைசி கீமோ தேதி, மருந்தின் பெயர், கோப்பு எண் ஆகியவை இணையம் இல்லாமலும் திரையில் வர வேண்டும்.

இன்னொன்றைச் சற்றுத் தயக்கத்தோடு சொல்கிறேன். முதல் மூன்று வாரம் அம்மாவிடம் 'கட்டி' என்றே சொல்லி வைத்திருந்தோம். அது தவறு என்று இப்போது நினைக்கிறேன், ஆனால் பல வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. மேசைமேல் கிடக்கும் கைப்பேசித் திரையில் 'புற்றுநோய்' என்ற சொல் ஒளிர்ந்து ஒருவர் தன் நோயை அறியும்படி ஆகிவிடக் கூடாது. செயலியின் பெயரிலும் அறிவிப்பிலும் அச்சொல்லைத் தவிருங்கள். உண்மை தெரிந்தபின் அம்மா கேட்டது ஒன்றே: மாமா வீட்டுக்குச் சொல்ல வேண்டாம். யாருக்கு எவ்வளவு தெரியலாம் என்று முடிவுசெய்யும் உரிமையை, எல்லாவற்றையும் பதிந்துவைக்கும் மகளிடமோ மகனிடமோ கொடுக்காமல், நோயாளியிடமே கொடுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்ய அப்பாவுக்குத் தெரியாது, எனவே குரல்பதிவு அவசியம். இரத்த அணுக்கள் குறைவதை 'கவுண்ட் குறைந்துவிட்டது' என்று வார்டில் சொல்வது போலவே திரையிலும் எழுதுங்கள். முள் சீத்தாப்பழம் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பது போன்ற செய்திகளை உறவினர்கள் பரப்ப அதில் இடம் தராதீர்கள்.

உங்களுக்குப் பயன்படுமானால் என் நோட்டைப் படியெடுத்துத் தருகிறேன். அதில் இரண்டு பக்கங்கள் அம்மாவின் கையெழுத்தில் உள்ளன. அவற்றை மட்டும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் தர முடியும்.

அன்புடன்,
ஒரு மகள்