கிளை நூலக வாசகர் வட்டம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நூலகர் அவர்களே, புரவலர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். மழையால் தள்ளிப்போன ஒரு கூட்டத்தைத் தவிர மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. ஆகஸ்ட் 12, எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்த நாளை நூலகர் தினமாகக் கொண்டாடி நம் நூலகரைக் கௌரவித்தோம். பத்திரிகை வாசிக்கும் அறையில் மின்விசிறி மாற்றியாகிவிட்டது. மேற்குச் சுவர் ஒழுக்குக்கு மனு கொடுத்திருக்கிறோம், ஒழுக்கு அப்படியே இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இனி இந்த ஆண்டின் பெரிய வேலைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922 நவம்பர் 7-ல் நம் மாவட்டத்து ராயவரத்தில் பிறந்தவர். வங்கி வேலையில் இருந்துகொண்டே பிள்ளைகளுக்கு எழுதினார், 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்னின்றார். அவர் பிறந்த நாளில் நாம் ஆண்டுதோறும் செய்வது எல்லோருக்கும் தெரியும்: படத்துக்கு மாலை, இரண்டு பேர் சொற்பொழிவு, பிள்ளைகளுக்கு மிட்டாய். பேசுகிற இருவரின் வயதைக் கூட்டினால் நூற்றைம்பதைத் தாண்டும். அதில் நானும் ஒருவன் என்பதால் இதைச் சொல்ல உரிமை உண்டு. இந்த முறை செயற்குழுவில் ஓர் உறுப்பினர், "இப்ப பிள்ளைங்களுக்கு எழுதுறவங்களைக் கூப்பிட்டா என்ன?" என்று கேட்டார். சரி, கேட்டுப் பார்ப்போம் என்று ஓர் எழுத்தாளருக்கு எழுதினோம். தன் பெயரைப் பிளக்ஸிலோ அறிக்கையிலோ போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் 'எழுத்தாளர்' என்றே குறிப்பிடுகிறேன். வந்திருந்தவர்களுக்குத் தெரியும்.

அவர் போட்ட நிபந்தனைகள் நமக்குப் புதிது. மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், நினைவுப் பரிசு வேண்டாம். அந்தச் செலவுக்கு அவருடைய கதைப் புத்தகத்தில் எத்தனை பிரதி கிடைக்குமோ வாங்கி, அவர் வருவதற்கு முன்பே பிள்ளைகள் கையில் கொடுத்துவிட வேண்டும். ஊருணியில் பிடித்த ஆமையை வீட்டில் வைத்து வளர்த்துவிட்டு, கடைசியில் திரும்பக் கொண்டுபோய் விடும் ஒரு பையனின் கதை அது.

இந்த நிபந்தனையின் அருமை முதல் நாளிலேயே விளங்கிவிட்டது. காலையில் போன ஒரு பள்ளியில், நாம் கொடுத்த பிரதிகள் அலமாரியில் பத்திரமாக இருந்தன. பிள்ளைகள் யாரும் படித்திருக்கவில்லை. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று போய், எழுத்தாளர் கையில் மைக் வந்தபோது சத்துணவு மணி அடித்துவிட்டது. "எழுத்தாளராக என்ன படிக்க வேண்டும்?" என்று ஒரு கேள்வி, அதுவும் யாரோ எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துக் கேட்டது.

மாலையில் நம் நூலகத்தில் நடந்தது வேறு. நாற்காலிகளை ஓரம் கட்டி ஜமுக்காளம் விரித்திருந்தோம். எழுத்தாளரும் கீழே உட்கார்ந்துகொண்டார். புத்தகம் கைமாறிக் கைமாறி அட்டை மடங்கிப் போயிருந்தது. வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "மிஸ், சித்திரையில ஊருணி வத்திப் போகுமே, அப்ப அந்த ஆமை என்ன பண்ணும்?"

எழுத்தாளர் பதில் சொல்லவில்லை. "நீ சொல்லு, என்ன பண்ணும்?" என்று திருப்பிக் கேட்டார். அவ்வளவுதான். சேற்றுக்குள் புதைந்துகொள்ளும் என்றான் ஒருவன். நடந்தே கண்மாய்க்குப் போய்விடும் என்றாள் இன்னொருத்தி. தன் தாத்தா சேற்றைத் தோண்டும்போது ஆமை வந்ததைப் பார்த்ததாக ஒருவன் சாட்சி சொன்னான். கால் மணி நேரம் பெரியவர்கள் யாருக்கும் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை.

அப்புறம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். தன்னால் பதினான்காம் பக்கத்துக்கு மேல் போக முடியவில்லை என்றான். கூட வந்த ஆசிரியருக்கு முகம் சுண்டிவிட்டது. எழுத்தாளர் ஆர்வமாகி, "அங்க என்ன வருது?" என்றார். "அங்கதான் அவங்க அப்பா அட்வைஸ் பண்ண ஆரம்பிக்கிறாரு." கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. எழுத்தாளர் சிரித்துக்கொண்டே தன் பிரதியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டார். விமர்சகர்கள் இதைச் சுற்றி வளைத்துச் சொல்வார்களாம், இத்தனை சுருக்கமாக யாரும் சொன்னதில்லையாம்.

இன்னொருவன் படத்தைப் பிடித்துக்கொண்டான். அட்டையில் இருக்கும் ஆமைக்குத் துடுப்பு மாதிரி கால், அது கடலாமை. நம் ஊருணி ஆமைக்கு விரலும் நகமும் இருக்கும் என்றான். எழுத்தாளர் அங்கேயே ஓவியரைத் தொலைபேசியில் அழைத்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். அவன் கொஞ்சமும் கூச்சப்படாமல், நகம் எப்படி இருக்கும், ஓட்டின் நிறம் என்ன என்று பாடம் நடத்தினான்.

கையெழுத்து வாங்கும்போது ஒரு சிக்கல். இருந்த பிரதிகள் எல்லாம் நூலக முத்திரை போட்டவை, பிள்ளைகளின் சொந்தப் புத்தகங்கள் அல்ல. கணக்கு நோட்டு, ரப் நோட்டு, ஒருவன் உள்ளங்கை வரை நீட்டினான். நம் நூலகர் கொஞ்ச நேரம் யோசித்து, ஒரே ஒரு பிரதியில் முத்திரைக்குக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். விதியில் இடம் உண்டா என்று யாரும் அவரைக் கேட்க வேண்டாம். அந்தப் பிரதிக்கு இன்றும் பிள்ளைகள் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

எழுத்தாளர் தன் முகவரியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டுப் போனார். செல் நம்பர் கேட்டவர்களுக்குக் கார்டு எழுதச் சொன்னார். போஸ்ட் கார்டு இன்னும் ஐம்பது பைசாதான் என்பது பல பெற்றோருக்கே அன்றுதான் தெரிந்தது. பிள்ளைகள் எழுதினார்கள், பதிலும் வந்தது. வீட்டு விலாசத்துக்குத் தன் பெயரில் தபால் வந்ததைப் பார்த்த ஒரு சிறுமி, அதைத் திறந்து படிப்பதற்கு முன் தெருவில் நாலு வீட்டில் காட்டிவிட்டுத்தான் வந்தாளாம். கார்டில் திறக்க ஒன்றுமில்லை, தெரு முழுக்கப் படித்துவிட்டது என்பது வேறு விஷயம். எழுத்தாளர் நமக்கு எழுதிய கடிதத்தில், அடுத்த பதிப்பில் அப்பாவின் பேச்சை இரண்டு வரியாகக் குறைத்திருப்பதாகவும், ஆமைக்கு நகம் வந்துவிட்டதாகவும் தெரிவித்திருக்கிறார்.

நூலகத்தில் நடந்தது நன்றாக அமைந்ததற்கு என் கணக்கில் ஒரே காரணம், பிள்ளைகள் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தது. அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் கீழ் 'நுழை, நட, ஓடு, பற' என்று படி பிரித்து வந்த சிறு புத்தகங்களில் பழகியவர்கள், கதைப் புத்தகத்தைப் பாடப் புத்தகம் போலப் பயந்து தொடவில்லை என்பதையும் கவனித்தேன்.

ஆகவே பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். ஒன்று, இனி வட்டத்தின் எந்த நிகழ்ச்சியிலும் பொன்னாடை, நினைவுப் பரிசு, பிளக்ஸ் கிடையாது. அந்தத் தொகை சிறார் நூல்களுக்குத் தனியாக ஒதுக்கப்படும். மூத்த உறுப்பினர்கள் சிலருக்கு இதில் வருத்தம் உண்டு என்று தெரியும். அவர்களுக்கு நல்ல காபி கொடுப்போம். இரண்டு, சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற தமிழ் நூல்களில் நம் கிளையில் இல்லாதவற்றைப் பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றிலும் சில பிரதிகளாக வாங்குவது. இதற்கு நிதி சேர, ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகச் சேருவோரை ஒவ்வொரு உறுப்பினரும் ஒருவராவது அழைத்து வர வேண்டும்.

ஜமுக்காளம் கொடுத்து உதவிய கல்யாண மண்டபத்தாருக்கும், பிள்ளைகளுக்குச் சுண்டல் அவித்துத் தந்த மகளிர் குழுவினருக்கும், வெள்ளிக்கிழமை விடுமுறையையும் பாராமல் வந்து பிரதிகளுக்கு அட்டை போட்ட நூலகருக்கும் வட்டத்தின் நன்றி. தீர்மானங்களை முன்மொழியவும் வழிமொழியவும் உறுப்பினர்களை அழைக்கிறேன். அதன்பின் பொருளாளர் வரவு செலவு வாசிப்பார்.

செயலாளர்