ஜூன் 14 சந்திப்பு: மனநல ஆலோசனையும் வேலை வழிகாட்டலும்

தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகள், திருநர் பிள்ளைகளின் பெற்றோர் எல்லோருக்கும் வணக்கம்.

ஜூன் 14, ஞாயிறு காலை 10 மணிக்கு, போன முறை கூடிய அதே மாடியில் சந்திக்கிறோம். முதலில் உளவியல் ஆலோசகருடன் பேச்சு. சாப்பாட்டுக்கு அப்புறம் வேலை வழிகாட்டல்.

1. பிள்ளைகளை வற்புறுத்தி அழைத்து வராதீர்கள். அவர்கள் வராவிட்டாலும் நீங்கள் வாருங்கள், ஆலோசனை நமக்கும்தான்.

2. "ஒரு கல்யாணம் பண்ணி வையுங்க, சரியாயிடும்" என்று ஒரு மருத்துவரே என்னிடம் சொன்னார். இப்படிப் பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ 'மாற்றும்' சிகிச்சை கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்டது. அந்த வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷே, புரிந்துகொள்ள வேண்டும் என்று உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து பேசினார். நமக்கென்ன தயக்கம்? வரும் ஆலோசகர் தமிழிலேயே பேசுவார். சொந்தக்காரர்களின் கேள்வி, சாதி, வரன் பேச்சு என்று நம் வீட்டுச் சங்கடங்களை அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

3. திருநங்கை, திருநம்பி பிள்ளைகளுக்கு: மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயரா? இரண்டின் நகலும் வேண்டும். மாவட்ட ஆட்சியர் தந்த அடையாளச் சான்று இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். நேர்காணலில் பலர் தடுமாறுவது இங்கேதான். 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி நிறுவனங்களில் புகார் அலுவலர் இருக்க வேண்டும். அவரை அணுகுவது பற்றியும் பேசுவோம்.

4. போட்டோ, வீடியோ கிடையாது. இந்தச் செய்தியை வேறு குழுவுக்கு அனுப்பாதீர்கள். போன தடவை பட்டது போதும்.

5. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வெள்ளி இரவுக்குள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், குழுவில் வேண்டாம். சாப்பாடு சொல்ல வேண்டும்.