கிளி வேண்டாமென்றால்

மதுரை,
ஞாயிறு காலை

அன்புள்ள ருக்கு,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஆட்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை இருந்ததால் உட்கார்ந்து பதில் எழுத இன்றைக்குத்தான் முடிந்தது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. குனிந்து எதையும் தூக்க விடாதே, சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. இங்கே பெரிதாகச் சேதி ஒன்றுமில்லை. சின்னவள் ஓசூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். மாடி போர்ஷனுக்குப் புதுக் குடித்தனம் வந்தாயிற்று. என் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது.

சரி, பறவை விஷயத்துக்கு வருகிறேன். அதற்குத்தானே நாலு பக்கம் எழுதியிருக்கிறாய்!

சின்னதாக இருக்க வேண்டும், கத்தக் கூடாது, கடிக்கக் கூடாது, கையில் வந்து உட்கார வேண்டும், ஆனால் கிளி மட்டும் வேண்டாம் என்கிறாய். இதெல்லாம் ஒரே பறவையிடம் அமைவது கொஞ்சம் கஷ்டம். கையில் பழகுகிற குணம் கிளி வகையறாவுக்குத்தான் அதிகம். அதைத் தாண்டிவிட்டால், கடையில் கிடைக்கிற சின்னப் பறவைகளில் பெரும்பாலானவை பார்த்து ரசிக்கத்தான், தொட்டுக் கொஞ்ச அல்ல. பிறகு என்னைத் திட்டாதே, முதலிலேயே சொல்லிவிட்டேன். இன்னொன்று: கடைக்காரர் லவ் பேர்ட்ஸ், காக்கட்டீல் என்று எடுத்துக் காட்டுவார். அவையும் கிளி வம்சம்தான். கிளி வேண்டாம் என்பதில் நீ உறுதி என்றால் அந்தப் பக்கமே திரும்பாதே.

மைனாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். உங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையில் மைனா பேசியதெல்லாம் எனக்கும் நினைவிருக்கிறது. இன்றைக்கு அது நடக்காது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நம் நாட்டுப் பறவைகளைப் பிடித்து விற்பதற்கு 1991 முதல் முழுத் தடை. பச்சைக்கிளி, மைனா, சில்லைக் குருவி எதையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. தெருவில் கூடையில் வைத்துப் பச்சை, ரோஸ் என்று சாயம் பூசின குருவிகளை ‘கலர் பேர்ட்ஸ்’ என்று விற்பவர்களைப் பார்த்திருப்பாய். பெரும்பாலும் வயல்காட்டில் வலை போட்டுப் பிடித்த சில்லைகள்தான் அவை. பாவப்பட்டுக்கூட வாங்காதே. நாம் ஒன்றை வாங்கினால் அவன் நாளைக்கு இன்னும் நாலைப் பிடிப்பான்.

ஆக, நமக்கு மிஞ்சுவது தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பெருகி வருகிற வெளிநாட்டு வகைகள்.

முதலில் ஃபின்ச், அதாவது ஸீப்ரா ஃபின்ச். ஆஸ்திரேலியப் பறவை, எடை பன்னிரண்டு கிராம் சுமார். ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு இருக்கும். குழந்தைகளின் ரப்பர் பொம்மையை அமுக்கினால் வருமே, அந்தச் சத்தத்தில் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கும், ஆனால் பக்கத்து ஃப்ளாட்டுக்குக் கேட்காது. ஆண் குஞ்சு தன் அப்பனின் பாட்டைக் கேட்டுக் கேட்டு முதல் மூன்று மாதத்துக்குள் தனக்கென்று ஒரு பாட்டை உருவாக்கிக்கொள்ளும். பிறகு சாகிறவரை அதே பாட்டுதான். மூளை எப்படிப் பேச்சைக் கற்கிறது என்று ஆராய்கிறவர்கள் உலகம் முழுக்க இந்தக் குருவியைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். விலையும் குறைவு. ஆனால் கையில் வராது. நீ கையை உள்ளே விட்டால் மூலைக்கு மூலை பறந்து மோதும். ஒற்றையாக வைப்பதும் பாவம், ஜோடியாகவாவது வேண்டும். ஜோடி போட்டுக் கூட்டுக்குப் பானை கட்டினால் நிறுத்தாமல் முட்டையிடும், பெட்டை இளைத்துப்போகும். அதனால் ஒரு ஈடு முடிந்ததும் பானையைக் கழற்றிவிட வேண்டும்.

ஃபின்ச் வாங்குகிற எல்லோருக்கும் நான் சொல்லும் ஒன்றை உனக்கும் சொல்கிறேன். அது தினையை அலகாலேயே உரித்து அரிசியைத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே போட்டுவிடும். மேலே பார்த்தால் கிண்ணம் நிறையத் தினை இருப்பது போலவே இருக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ‘கிண்ணம் ரொம்பி இருக்கிறதே’ என்று இரண்டு நாள் தீனி போடாமல் விட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் பறவை இல்லை. தினமும் காலையில் கிண்ணத்தை ஊதிப் பார்க்க வேண்டும். உமி பறந்துபோய் அடியில் என்ன மிச்சமோ அதுதான் தீனி.

கானரி பாடும், அதுவும் ஆண் நன்றாகவே பாடும். ஆனால் உன் பெரம்பூர் பால்கனியின் மே மாத வெக்கைக்கு அதைக் கொண்டுவந்து வைக்க எனக்கு மனசில்லை.

ஜாவாக் குருவி என்று ஒன்று உண்டு. சாம்பல் உடம்பு, கறுப்புத் தலை, கன்னத்தில் வெள்ளை, தடித்த சிவப்பு அலகு. கிளி அல்லாத சின்னப் பறவைகளில் கைப்பழக்கத்துக்குப் பெயர் போனது இதுதான். ஜப்பானில் குஞ்சிலேயே எடுத்துக் கையால் ஊட்டி, உள்ளங்கையிலேயே தூங்கும் அளவுக்குப் பழக்கிவிடுவார்கள். இவ்வளவு சொல்லிவிட்டு வேண்டாம் என்கிறேனே என்று பார்க்காதே. சொந்த ஊரான ஜாவாவிலேயே பிடித்துப் பிடித்து அது அருகிப்போய்விட்டது. சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், இங்கே வளர்க்க 2024-இல் வந்த விதிப்படி மத்திய அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்கிய இடத்துக் காகிதம், அது இது என்று அலைச்சல். முறையாகக் காகிதம் கொடுக்கிற ஆள் கிடைத்தால் யோசி. இல்லையென்றால் விட்டுவிடு.

கடைசியில் நான் உனக்கென்று மனதில் வைத்திருப்பது டைமண்ட் டவ். புறாதான், ஆனால் கோயில் கோபுரத்துப் புறாவை நினைத்துக்கொள்ளாதே. வால் நுனி வரை அளந்தாலும் ஒரு சாண்தான், அதிலும் பாதி வால். எடை முப்பது கிராம் சுமார். சாம்பல் நீல உடம்பு, இறக்கையில் உப்பைத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள், கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம். ஆணுக்கு வளையம் தடிப்பாக இருக்கும். குரல் மெல்லிய குமுறல். கதவைச் சாத்தினால் அடுத்த அறைக்கு அவ்வளவாக எட்டாது. கடிக்கத் தெரியாது. நல்ல பராமரிப்பில் பத்து வருஷம்கூட இருக்கும், அதையும் யோசித்துக்கொண்டு வாங்கு.

என்னிடம் இருக்கும் ஜோடியைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். கோழி தண்ணீர் குடிப்பதைப் பார்த்திருக்கிறாய், ஒரு வாய் எடுத்துத் தலையைத் தூக்கி விழுங்கும். இது அப்படியில்லை, அலகை முக்கி, தலையைத் தூக்காமல் ஒரே மூச்சாக உறிஞ்சிவிடும். ஃபின்ச் போல உரிப்பதும் கிடையாது, தினையை முழுசாக விழுங்கும். அரைபட வேண்டுமே, அதனால் பொடிக்கல் கலந்த மணல் ஒரு கிண்ணத்தில் இருக்கட்டும். வெயில் விழுகிற நேரத்தில் ஒருக்களித்துப் படுத்து, ஒரு இறக்கையை மட்டும் நட்டுக்குத்தலாகத் தூக்கிக்கொண்டு அப்படியே கிடக்கும். முதல் முறை பார்ப்பவர்களுக்குச் சாகப்போகிறது என்றே தோன்றும். பயப்படாதே, வெயில் காய்கிறது, அவ்வளவுதான். ஆணுக்குக் குஷி வந்தால் வாலை விசிறியாக விரித்துக் குனிந்து குனிந்து கும்பிடும். பெட்டை இல்லாவிட்டால் உன் விரலுக்குக் கும்பிடு போடும்.

பழக்குவதைப் பற்றி. பறவை எந்த இனம் என்பது பாதிதான், மீதிப் பாதி எந்த வயதில் உன்னிடம் வருகிறது என்பதில் இருக்கிறது. தானாகக் கொத்தித் தின்னத் தொடங்கிய இளசு வேண்டும், நாலைந்து வாரம் போதும். அந்த வயதில் கண் வளையம் சிவந்திருக்காது, மங்கலாக இருக்கும், உடம்பும் பழுப்படித்திருக்கும். ‘நல்லாச் சிவந்த கண்ணு’ என்று கடைக்காரர் புகழ்ந்தால் அது வளர்ந்த பறவை. குஞ்சு போடத்தான் உதவும். நீ பகல் முழுக்க வீட்டில் இருப்பதால் முதலில் ஒன்று மட்டும் வாங்கு. உன்னோடு ஒட்டிக்கொண்ட பிறகு துணைக்கு ஒன்று சேர்க்கலாம். முதலிலேயே ஜோடியாக வாங்கினால் அவை தங்களுக்குள் கொஞ்சிக்கொள்ளும், உன்னைக் கண்டுகொள்ளாது.

வந்த ஒரு வாரம் ஒன்றுமே செய்யாதே. கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய், பேப்பர் படி, என்னோடு போனில் பேசு. உன் குரல் பழகட்டும். அப்புறம் காலைத் தீனியைக் கிண்ணத்தில் போடாமல் உள்ளங்கையில் வைத்துக் கூண்டுக்குள் நீட்டு. கை கீழேயிருந்து வர வேண்டும். மேலேயிருந்து வருகிற எதுவும் அதற்குப் பருந்துதான். அசையாமல் வைத்திரு, வராவிட்டால் எடுத்துவிடு, கிண்ணத்தில் போடு, நாளைக்குப் பார்க்கலாம். என்ன ஆனாலும் கையால் பிடிக்காதே. ஒரு முறை அமுக்கிப் பிடித்துவிட்டால் அதுவரை பழக்கியதெல்லாம் போயிற்று. கூண்டுக்கு வெளியே விடுகிற நாளில் மின்விசிறியை நிறுத்து, சமையலறைக் கதவைச் சாத்து. நான்ஸ்டிக் தோசைக்கல் காய்ந்து புகைந்தால் அந்தப் புகையே பறவையைக் கொன்றுவிடும். கொசுவர்த்தியும் சாம்பிராணியும் அந்த அறையில் ஆகாது.

கூண்டு உயரமாக வேண்டாம், நீளமாக இருக்கட்டும். புறா நீளவாக்கில்தான் பறக்கும். ராத்திரியில் பல்லி ஓடினாலும் அரண்டு கம்பியில் அடித்துக்கொள்ளும் சுபாவம் உண்டு, ஒரு சின்ன நைட் லாம்ப் எரியட்டும். உங்கள் பக்கம் பகலில் காக்கை, ராத்திரியில் எலி. அதனால் பால்கனியில் பகலில் மட்டும் வை, இருட்டியதும் உள்ளே எடுத்துவிடு. முட்டையிட ஆரம்பித்தால் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேள், கணவாய் ஓட்டைக் கொடுப்பார்கள், பொடித்து வை. முருங்கைக்கீரை வாரம் இரண்டு தடவை பொடியாக நறுக்கி வை. கொட்டாங்கச்சியில் கொஞ்சம் தேங்காய் நார் போட்டு வைத்தால் அதுவே கூடு, தனியாக வாங்காதே.

நீ பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குத்தான் கிளம்புவாய், தெரியும். போ, வேடிக்கை பார், விலை விசாரி. வாங்குவதை மட்டும் வீட்டில் வளர்த்துக் குஞ்சு எடுக்கிறவர்களிடம் வைத்துக்கொள். எந்தச் சந்தையானாலும் வெயிலில் நாலு இடத்துப் பறவைகள் ஒன்றாக அடைந்து கிடக்கும், ஒன்றுக்கு வந்த சீக்கு மற்றதற்குத் தொற்றும். பகலிலேயே உடம்பை உப்பிக்கொண்டு இரண்டு காலிலும் உட்கார்ந்து தூங்கி வழிவது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, பின்பக்கம் எச்சம் ஒட்டியிருப்பது, இதில் ஒன்றைப் பார்த்தாலும் வேண்டாம் என்று வந்துவிடு. உடம்பு சரியில்லாமல் போனால் உனக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எனக்கு இங்கே பறவை பார்க்கிற டாக்டரைத் தேடுவதே பெரும்பாடு.

கூண்டில் அடைப்பது பாவமில்லையா என்று கடைசி வரியில் கேட்டிருந்தாய். காட்டில் பிடித்ததை அடைத்தால் பாவம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூண்டிலேயே பிறந்து, அதன் பாட்டியும் கூண்டிலேயே பிறந்த பறவையைப் புண்ணியம் என்று பறக்கவிட்டால், சாயங்காலத்துக்குள் காக்கை முடித்துவிடும். அதற்கு நாம் செய்யக்கூடியது இடம் தாராளமாகக் கொடுத்து, தினமும் கூடவே இருப்பது. அதற்கு உனக்கு நேரம் இருக்கிறது என்பதால்தான் வாங்கு என்கிறேன். உன் மருமகளுக்கு என்றால் வேண்டாம் என்றே எழுதியிருப்பேன்.

ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அண்ணனுக்கு அந்த வீசிங் இன்னும் வருகிறதா? புறா எதுவானாலும் இறகிலிருந்து மாவு மாதிரி வெள்ளைத் தூள் உதிரும். நுரையீரல் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆகவே ஆகாது. வருகிறது என்றால் டைமண்ட் டவ்வை மறந்துவிடு. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அவர் சரி என்றால் பால்கனியில் ஒரு ஜோடி ஃபின்ச். கையில் வராது, பரவாயில்லை. வீசிங் வரவில்லை என்றால் எனக்கு உடனே ஒரு போன் போடு. மூன்றடி நீளக் கூண்டு ஒன்று மாடியில் சும்மா கிடக்கிறது. வருகிற சனிக்கிழமை மாப்பிள்ளை காரில் சென்னை வருகிறார், டிக்கியில் போட்டு அனுப்பிவிடுகிறேன். கூடவே இரண்டு கிலோ தினையும்.

அன்புடன்,
வசந்தா