கண்ணெதிரே துப்பாக்கி

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, அந்நாட்டில் எவரும் ஆயுதத்தோடு தெருவில் நடமாடலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. பிறர் கண்ணில் படும்படி துப்பாக்கி ஏந்தலாமா என்பதை அங்கே பெரும்பாலும் மாநிலச் சட்டங்களே முடிவு செய்கின்றன. அவை ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப வளைவதும் உண்டு. கலிபோர்னியாவில் கறுப்பின இளைஞர்களின் பிளாக் பாந்தர் கட்சியினர் துப்பாக்கிகளோடு சட்டமன்றத்துக்குள் நுழைந்த 1967-ஆம் ஆண்டிலேயே, குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்தத் தடை விதிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவர், அப்போது அம்மாநில ஆளுநராக இருந்து பின்னர் அதிபரான ரொனால்டு ரீகன்தான்.

டெக்சாஸில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, மளிகைக் கடை வாசலில் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் ஓர் அங்குல எழுத்துகளில் எழுதிய பலகையைக் கண்டேன். தள்ளுபடி விளம்பரம் என்று நினைத்து அருகில் போனால், துப்பாக்கியை வெளியே தெரியும்படி அணிந்து உள்ளே வரக் கூடாது என்ற, டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 30.07 பிரிவு அறிவிப்பு அது. எழுத்தின் உயரம்கூடச் சட்டத்தில் இருக்கிறதாம். 2016 ஜனவரி முதல் உரிமம் பெற்றவர்கள் கைத்துப்பாக்கியை உறையில் செருகி வெளிப்படையாக நடமாடலாம் என்றானது. 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பிய தகுதியுள்ளவர்களுக்கு அந்த உரிமமும் தேவையில்லை. வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பு கடைக்காரர் தலையில் விழுந்துவிட்டது.

ஆயுதம் கண்ணில் பட்டால் குற்றவாளி அஞ்சுவான் என்பது இச்சட்டங்களின் ஆதரவாளர்கள் வாதம். 2016 ஜூலை 7 அன்று டாலஸில் நடந்த ஊர்வலத்தில் இருபது முப்பது பேர் ரைபிள்களோடு, சட்டப்படியே, வந்திருந்தனர். ஒருவன் மறைந்திருந்து ஐந்து காவலர்களைச் சுட்டுக் கொன்றான். அந்த ரைபிள்கள் அவனை அச்சுறுத்தவில்லை, சுடுபவன் யார் என்று தேடிய காவலர்களைத்தான் குழப்பின. ஊர்வலத்தில் வந்த ஒருவரின் படத்தையே சந்தேக நபர் என்று காவல்துறை வெளியிட்டது. அவரோ தாமே துப்பாக்கியைக் காவலரிடம் ஒப்படைத்தவர்.

அதே மாதம் குடியரசுக் கட்சி மாநாடு நடந்த கிளீவ்லாந்தில், வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்துவதைத் தற்காலிகமாக நிறுத்துமாறு காவலர் சங்கம் கேட்டபோது, தமக்கு அந்த அதிகாரம் இல்லை என்று ஒஹாயோ ஆளுநர் கைவிரித்தார். மாநாட்டை ஒட்டிய பகுதிக்குள் டென்னிஸ் பந்து கொண்டுவர மட்டும் நகராட்சியால் தடை போட முடிந்தது.

தங்கள் வாசகன்,
கும்பகோணம்