ஆண்டர்மாட் போகும் மகளுக்கு

பேர்ண், சுவிட்சர்லாந்து,
புதன் இரவு

அன்புள்ள மகளுக்கு,

சனிக்கிழமை நண்பர்களுடன் ஆண்டர்மாட்டில் பனிச்சறுக்கப் போவதாக நேற்று நீ சொன்னபோது, கவனமாகப் போய் வா என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். ஆறு பேரும் அறைக்கு முன்பணம் கட்டிவிட்டோம், இனித் திரும்பக் கிடைக்காது என்றாயே, அந்தப் பணம்தான் எனக்குப் பயத்தைத் தருகிறது.

வெள்ளி முழுவதும் ஃபோன் காற்று என்று வானிலையில் சொல்கிறார்கள். (தமிழில் எழுதினால் தொலைபேசி போலத் தெரிகிறது, என்ன செய்வது!) மலைக்குத் தெற்கே மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும் அந்தக் காற்று, சில மணி நேரத்திலேயே வெப்பத்தைப் பத்துப் பாகைக்கு மேல் ஏற்றிவிடும். நம்மூர்ச் சோழகத்தைப் போல நாட்கணக்கில் ஒரே சீராக வீசும் என்று நம்பவும் முடியாது. அது நின்ற கையோடு குளிரும் மூடுபனியும் புதுப்பனியும் வந்து சேரும். ஆண்டர்மாட்டுக்கு மேலே நிற்கும் கெம்ஸ்டொக் மலையின் உச்சி 2,961 மீற்றர் உயரம். ஊருக்குள் வெயில் அடிக்கும் நேரத்தில் மேலே வானமும் நிலமும் ஒரே வெள்ளையாகிக் கால் எங்கே என்று தெரியாமற் போகலாம்.

1999 பெப்ரவரியில் நான் வாலிஸ் மலையூர் ஒன்றில் ஹோட்டற் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அதே மாநிலத்தில், எவொலேனில், பனிச்சரிவு 12 பேரைக் கொண்டுபோன மாதம் அது. பல நாள் பனிக்குப் பின் வானம் வெளித்த ஒரு காலையில் விருந்தினர் சறுக்குக் கட்டைகளுடன் தயாராக நின்றார்கள். அவர்களை அழைத்துப் போக வந்த கிழவர் எங்கள் பின்வாசலில் துடைப்பக் கட்டையைப் பனிக்குள் செருகினார். முதலில் இலகுவாக இறங்கியது, பிறகு தடித்து நின்றது, அழுத்தியதும் சீனிக்குள் போவதுபோல் பொசுக்கென்று உள்ளே போனது. அடியில் பிடிப்பில்லை என்றார். விருந்தினர் சண்டை பிடிக்கவே, வாங்கிய கூலியை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் பக்கத்தில் வந்திருந்து சூப் குடித்தார்.

டாவோஸ் பனி ஆய்வு நிலையத்தின் பனிச்சரிவு அறிக்கை மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் வரும், இரண்டையும் பார். ஆபத்தின் ஐந்து படிகளில் மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று உன் நண்பர்கள் சொல்லக்கூடும், ஆனால் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அந்த மூன்றாம் படி நாட்களில்தான் இறக்கிறார்கள். அன்று குறியிட்ட பாதையை விட்டு வெளியே போகவேண்டாம். புதைந்தவரைத் தேடும் கருவி நண்பர்களிடம் இருக்கிறது என்றாய். ஆனால் புதைந்தவருக்குக் காற்பங்கு மணி நேரம் கூட நிச்சயமில்லை, கருவி வழி காட்டினாலும் தோண்டுவது கைதான்.

திரும்புவோம் என்று முதலில் சொல்ல வெட்கமாக இருந்தால், அப்பா கரைச்சல் கொடுக்கிறார் என்று என் தலையில் போட்டுவிடு. அறைப்பணத்தில் உன் பங்கை நான் தருகிறேன். றேகா மீட்புச் சேவையின் 1414 என்ற இலக்கம் உன் தொலைபேசியில் இருக்கட்டும்.

பழைய கையுறையில் பெருவிரல் தையல் விட்டிருக்கிறது, அதைக் கொண்டு போகாதே. அம்மா புதியது வாங்கி இந்தப் பொதிக்குள் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும்.

அன்புடன்,
அப்பா