ரேசு ஞாயித்துக்கிழமை இல்லீங்க, அதுக்கு முந்தியே ஆரம்பிச்சிருது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

நான் கோயமுத்தூர் பக்கம் பொறந்து வளந்தவன். இப்ப 18 வருஷமா அமெரிக்காவுல வட கரோலினாவுல கான்கார்டுங்கற ஊர்ல குடும்பத்தோட இருக்கேன், காலைல காபி குடிக்கும்போது போன்ல உங்க பேப்பரைப் படிச்சிட்டுத்தான் வேலைக்கே கிளம்பறது. போன வாரம் விளையாட்டுப் பக்கத்துல நாஸ்கார்ங்கற அமெரிக்கக் கார் ரேசு பத்தி ஒரு துண்டுச் செய்தி போட்டிருந்தீங்க. நாஸ்கார்ங்கற பேரு தமிழ்ப் பேப்பர்ல வந்ததே எனக்கு சந்தோஷம்தான். ஆனா அதுல "எடது பக்கமே திரும்பித் திரும்பிச் சுத்தி வர்ற பந்தயம்"னு ஒரு வரி போட்டு முடிச்சிட்டீங்க பாருங்க, அதுதான் மனசு கேக்கலை. ரெண்டு நாளா எழுதலாமா வேண்டாமான்னு இருந்துட்டு இப்ப எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கங்க.

சார்லட் மோட்டார் ஸ்பீட்வே எங்க வீட்ல இருந்து கார்ல பத்து நிமிஷம். மே மாசக் கடைசில வர்ற மெமோரியல் டேக்கு (போர்ல செத்த சோல்ஜருங்களோட நினைவு நாள்) முந்தின நாள் ஞாயித்துக்கிழமை அங்கதான் கோகோ கோலா 600ங்கற நாஸ்கார் ரேசு நடக்குது, 1960ல ஆரம்பிச்ச ரேசு. ஒன்றரை மைல் ட்ராக், 400 ரவுண்டு, மொத்தம் 600 மைல், நாஸ்கார்ல இதைவிட நீளமான ரேசு கிடையாது. திருப்பத்துல ட்ராக் 24 டிகிரி சாஞ்சிருக்கும், ஒரு தடவ நடந்து ஏறிப் பாத்தேன், கால் பின்னாடி வழுக்குது. இதுல பெரிய விஷயம் என்னன்னா ரேசு சாயங்காலம் 6 மணி வாக்குல வெயில் இருக்கும்போது ஆரம்பிச்சு ராத்திரி 10 மணிக்கு மேல லைட் வெளிச்சத்துல முடியும். வெயில்ல தார் ரோடு சூடாகி வழுக்கும், ராத்திரி ஆறினதும் டயர் நல்லா புடிக்கும். அதே கார், அதே டிரைவர், ஆனா 6 மணிக்கு ஓடின மாதிரி 9 மணிக்கு ஓடாது. அப்ப காரை எந்த நேரத்துக்குன்னு செட் பண்றது? சாயங்காலத்துக்குப் பண்ணினா ராத்திரி மாட்டிக்குவாங்க, ராத்திரிக்குப் பண்ணினா முதல் 100 ரவுண்டு பல்லைக் கடிச்சிட்டு ஓட்டோணும். பெரும்பாலும் அனுபவசாலிங்க ராத்திரிக்குத்தான் பண்ணுவாங்க. சுத்தி வர்றதுங்கறதுக்குப் பின்னாடி இவ்ளோ கணக்கு இருக்குங்க.

இங்க ட்ராக்ல யாரைக் கேட்டாலும் ரெண்டே வார்த்தைலதான் பேசுவாங்க, டைட், லூஸ். ஸ்டியரிங்கை ஒடிச்சாலும் முன் வீல் கேக்காம கார் நேரா வெளிச் சுவத்தைப் பாத்து போனா அது டைட். திருப்பத்துல பின்னாடி வீல் வழுக்கி வால் வெளிய வந்தா அது லூஸ். டிரைவர் ரேடியோல "நுழையும்போது லூஸ், நடுவுல டைட்"னு சொல்லுவான், ஒரே திருப்பத்துல ரெண்டும் இருக்கும், ஒண்ணை சரி பண்ணப் போனா இன்னொண்ணு கெட்டுப்போகும். க்ரூ சீஃப்ங்கற ஆளு, அதாவது மெக்கானிக்குங்களுக்கெல்லாம் தலைவர், அந்த நாலு வார்த்தைய வெச்சு என்ன பண்றதுன்னு முடிவெடுக்கோணும்.

வெட்ஜ்னு ஒண்ணு சொல்லுவாங்க. அது என்னான்னு எனக்குப் புரியவே ஒரு வருஷம் ஆச்சு, கடைசில ஊர்ல பாட்டியோட கயித்துக் கட்டில் ஞாபகம் வந்தப்பதான் புரிஞ்சுது. நாலு கால் கட்டில்ல ஒரு காலுக்கு அடியில ஓட்டுச் சில்லு ஒண்ணை வெச்சுப் பாருங்க, அந்தக் காலும் அதுக்கு எதிர் மூலைக் காலும்தான் வெயிட்டைத் தாங்கும், மத்த ரெண்டும் லேசாயிரும், ஆடும். கார்லயும் அதேதான். எடது பின் வீல் ஸ்பிரிங் மேல இருக்கற போல்ட்டைக் கொஞ்சம் முறுக்கினா எடது பின்னாடியும் வலது முன்னாடியும் வெயிட் ஏறும், கார் டைட்டாகும். எதிர்ப்பக்கம் திருப்பினா லூஸாகும். ரேசு நடக்கும்போது டயர் மாத்த, பெட்ரோல் போட பிட்ங்கற எடத்துல நிக்கற பத்துப் பன்னெண்டு செகண்டுக்குள்ள ஒருத்தர் நீளமான பானாவைப் பின் கண்ணாடி வழியா விட்டு ஒரு திருகு திருகிட்டு ஓடறதை டிவில பாத்திருப்பீங்க, அது இதுதான். ஒரு சுத்து கூட முழுசா இருக்காது, அதுக்குள்ள காரோட குணமே மாறிடும்.

நான் இதைத் தள்ளி நின்னு பாத்து மட்டும் சொல்லலை. என்கூட வேலை பாக்கறவரோட குடும்பத்துல லேட் மாடல்ங்கற உள்ளூர் ரேஸ் கார் ஒண்ணு வெச்சிருக்காங்க, சனிக்கிழமை சின்ன ட்ராக்குகள்ல ஓட்டுவாங்க, ஹிக்கரி மாதிரி அரை மைல் கூட இல்லாத ட்ராக்குங்க. சம்பளம் ஒண்ணும் கிடையாது, ஆசைக்குப் போய் எடுபிடி வேலை செய்யறது. அங்க 70 வயசுப் பெரியவர் ஒருத்தர் இருக்காரு, அவர்தான் எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தாரு. காரை நாலு தராசுத் தட்டு மேல நிறுத்தி, டிரைவரை உள்ள உக்கார வெச்சு, ஒவ்வொரு வீல் மேலயும் எவ்ளோ வெயிட்டுன்னு பாத்து நோட்டுல எழுதுவாங்க. போல்ட்டை அரைச் சுத்து, திரும்பவும் தராசு, திரும்பவும் நோட்டு. கராஜ்ல யாரும் பேச மாட்டாங்க, காரைத் தொட்டு யாராச்சும் சாஞ்சா கூட பெரியவர் ஒரு பார்வை பாப்பாரு, நம்பர் மாறிடும்ல.

எனக்குக் குடுத்த வேலை டயர் அளக்கறது. காத்து அடிச்சு வெச்ச டயரைச் சுத்தி டேப்பை வெச்சு எத்தனை இன்ச்சுன்னு எழுதோணும். வலது பின் டயர் எடது பின் டயரைவிடக் கொஞ்சம் பெருசா இருக்கோணும், அதுக்கு ஸ்டாகர்னு பேரு. எதுக்குன்னா நம்ம வீட்டு டம்ளரைத் தரையில படுக்க வெச்சு உருட்டிப் பாருங்க, நேரா போகாது, வாய் பெருசா இருக்கறதால அடிப்பக்கமா வளஞ்சு வளஞ்சு சுத்தும். எடது பக்கமே திரும்பற ட்ராக்ல காரும் தன்னால எடது பக்கம் உருளோணும்ல, அதான். முதல் நாள் நான் எடதையும் வலதையும் மாத்தி எழுதிட்டேன். பெரியவர் நோட்டைப் பாத்தாரு, ஒரு வார்த்தை சொல்லலை, டேப்பை எடுத்து எல்லா டயரையும் அவரே திரும்ப அளந்தாரு, அளந்துட்டு என் கையில பென்சிலைக் குடுத்து "இப்ப எழுது"ன்னாரு. அன்னைல இருந்து டயர் மேல சாக்பீஸ்ல எடது வலதுன்னு எழுதாம டேப்பை எடுக்கறதில்லை.

எங்கப்பா லாரி டிரைவருங்க. ராத்திரி லோடு ஏத்திட்டுக் கிளம்பறதுக்கு முந்தி கையில ஒரு ராடை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு டயரையா தட்டிக்கிட்டே வண்டியைச் சுத்தி வருவாரு, சத்தத்துலயே எதுல காத்து கம்மின்னு சொல்லிருவாரு. இங்க இவங்க அரை பவுண்டு காத்துக்கு கேஜை வெச்சுக்கிட்டு யோசிக்கறதைப் பாக்கறப்ப எனக்கு அப்பா ஞாபகம்தான் வரும். டயர் சூடானா உள்ள பிரஷர் ஏறும், எவ்ளோ ஏறும்னு முன்னாடியே கணக்குப் போட்டு கம்மியா அடிச்சு வெப்பாங்க, சாதாக் காத்துல ஈரம் இருக்கும், சூட்டுல பிரஷர் கணக்கு தப்பிப்போகும்னுதான் அதுக்குப் பதிலா நைட்ரஜன் அடிக்கறது. ரேசுக்கு முந்தி காருங்க வரிசையா வெயில்ல நிக்கும்போதே பிரஷர் மாறும்னு அதையும் பாத்துட்டே இருப்பாங்க.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்ததுக்கு வர்றேன். 2025 மே மாசம் நடந்த 600. சனிக்கிழமை ப்ராக்டிஸ்ல ராஸ் சாஸ்டெயின்ங்கற டிரைவரோட கார் டயர் போயி சுவத்துல மோதிருச்சு, இனி ஓட்ட முடியாதுன்னு ஆயிருச்சு. அவங்க ட்ராக்ஹவுஸ் டீமோட ஷாப் இதே கான்கார்டுலதான். அங்க இருந்த இன்னொரு காரை நடுராத்திரி தாண்டியும் உக்காந்து வேலை பாத்து ரேசுக்கு ரெடி பண்ணிக் கொண்டு வந்தாங்க. அந்தக் கார் ப்ராக்டிஸ்ல ஒரு ரவுண்டு கூட ஓடலை. டைட்டா லூஸான்னு யாருக்கும் தெரியாது. 40 காருல 40ஆவதா, கடைசில இருந்து கிளம்பினாரு. வில்லியம் பைரன்ங்கற இன்னொரு டிரைவர் 400 ரவுண்டுல 283 ரவுண்டு முன்னாடியே இருந்தாரு, ரேசை நூறு நூறு ரவுண்டா நாலு ஸ்டேஜா பிரிப்பாங்க, அதுல முதல் மூணும் அவருக்குத்தான். ஆனா இருட்ட இருட்ட சாஸ்டெயின் கார் மேல மேல வந்துட்டே இருந்துச்சு, ஒவ்வொரு தடவ பிட்டுக்கு வரும்போதும் ஏதோ ஒண்ணு மாத்தறாங்க, அடுத்த தடவ இன்னும் முன்னாடி வருது, கடைசி 6 ரவுண்டு இருக்கும்போது பைரனைத் தாண்டிட்டாரு. கடைசி எடத்துல இருந்து கிளம்பி இந்த 600ஐ ஜெயிச்ச முதல் ஆளு அவர்தான். அவங்க குடும்பம் பரம்பரையா தர்பூசணி விவசாயம், அதனால ஜெயிச்சா ஒரு தர்பூசணியைத் தூக்கி தரையில போட்டு உடைப்பாரு, அன்னைக்கும் உடைச்சாரு. மறுநாள் எங்க பாத்தாலும் அந்த தர்பூசணி போட்டோதான். க்ரூ சீஃப் ஃபில் சர்ஜன் பேரு எத்தனை எடத்துல வந்துச்சுங்க? அந்த ராத்திரி தூங்காம பானா புடிச்சவங்க பேரு ஒண்ணாவது வந்துச்சா?

ஒரு காலத்துல ப்ராக்டிஸ் ரெண்டு மூணு தடவ இருக்கும், கடைசி ப்ராக்டிஸுக்கு ஹேப்பி ஹவர்னே பேரு. 2020ல கொரோனா நிறுத்தத்துக்கு அப்புறம் டார்லிங்டன் ட்ராக்ல மே 17ந் தேதி திரும்ப ஆரம்பிச்சப்ப ப்ராக்டிஸே இல்லாம நேரா ரேசுக்கு விட்டாங்க. செலவு கம்மின்னு புடிச்சுப் போச்சு போல, இப்ப பெரும்பாலான வாரம் 20, 25 நிமிஷம்தான். மீதி எல்லாம் கம்ப்யூட்டர்லயும் சிமுலேட்டர்லயும் பாத்துக்கோணும். எனக்கு இது புடிக்கலை. கம்ப்யூட்டர் வேண்டாம்னு சொல்லலை, நானே அந்த வேலைதான் பாக்கறேன். ஆனா டிரைவர் வந்து இறங்கி "பின்னாடி நிக்க மாட்டேங்குது"ன்னு சொல்றதையும், மெக்கானிக் அடியில படுத்துப் பாத்துட்டு தலைய ஆட்டறதையும், திரும்ப ஓட்டிப் பாக்கறதையும் பாக்கற கூட்டம் ஒண்ணு வெயில்ல நின்னுக்கிட்டிருந்துச்சுங்க, அவங்களுக்கு அதுவே பாதித் திருவிழா.

இன்ஸ்பெக்‌ஷன் வேற. 2018ல இருந்து காரோட உடம்பைக் கேமரா வெச்சு ஸ்கேன் பண்றாங்க. 2022 ஜூலைல போகோனோ ட்ராக்ல டென்னி ஹாம்லின் முதலாவதா வந்தும் ஜெயிச்சதைப் புடுங்கிட்டாங்க, காரணம் காரோட முன்மூக்குல ஸ்டிக்கருக்கு அடியில கூடுதலா ஒரு லேயர் ஸ்டிக்கர் இருந்துச்சாம், ரெண்டாவதா வந்த கைல் புஷ்ஷையும் சேத்துத் தள்ளி சேஸ் எலியட்டுக்குக் குடுத்தாங்க. ஸ்டிக்கர் தடிமன்ல ரேசு போகுதுன்னா பாத்துக்கங்க.

ரேசு அன்னைக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ட்ராக் பக்கம் போனீங்கன்னா ஊரே கூடாரம் போட்டு உக்காந்திருக்கும், அடுப்புப் புகை, கொடி, சின்னப் புள்ளைங்க காதுல பெரிய ஹெட்போன். இது மெமோரியல் டே வாரம்கறதால ஒவ்வொரு கார் முன் கண்ணாடி மேலயும் டிரைவர் பேருக்குப் பதிலா போர்ல செத்த ஒரு சோல்ஜர் பேரு இருக்கும், அவங்க வீட்டாளுங்க வந்து அந்தப் பேரைத் தொட்டுப் பாத்துட்டு நிப்பாங்க. ஒரு வருஷம் எனக்கும் எம்பொண்ணுக்கும் கீழ போற பாஸ் கிடைச்சுது. கார் வரிசைல ஒரு பையன், இருபத்தி அஞ்சு வயசிருக்கும், முட்டி போட்டு வலது முன் டயர்ல கேஜை வெச்சான், பாத்தான், ஒரு செகண்டு காத்தை விட்டான், திரும்ப வெச்சான், பாக்கெட்ல இருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதினான், அப்புறம் வானத்தைப் பாத்தான். மேகம் வருதான்னு பாக்கறான். மேகம் வந்தா ட்ராக் ஆறும், ட்ராக் ஆறினா அவன் எழுதின நம்பர் எல்லாம் மாறும். அப்புறம் "டிரைவர்ஸ், ஸ்டார்ட் யுவர் இன்ஜின்ஸ்"னு சத்தம் வந்து 40 வி8 இன்ஜின் ஒரே நேரத்துல உறுமும்போது நெஞ்சுக்கூடே அதிரும், எம்பொண்ணு என் கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. நான் அந்தப் பையனைத்தான் தேடினேன், அவன் அப்பவும் வானத்தைப் பாத்துட்டிருந்தான்.

நம்ம ஊருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு நினைக்காதீங்க. 2010ல நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் நாஸ்கார் டிரக் சீரிஸ்ல (கார் இல்லீங்க, பிக்கப் வண்டி மாதிரி ரேசு) மார்ட்டின்ஸ்வில் ட்ராக்ல ஓட்டினாரு, நாஸ்கார்ல ஓட்டின முதல் இந்தியர், அந்த வருஷம் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு அந்த சீரிஸ்ல மோஸ்ட் பாப்புலர் டிரைவர்னு அவருக்குத்தான் குடுத்தாங்க. நம்ம ஐடிஐ, பாலிடெக்னிக் பசங்க கையில இருக்கற வேலைக்கும் இந்தக் கராஜ்ல நடக்கற வேலைக்கும் அடிப்படைல ஒண்ணும் தூரமில்லீங்க, ஸ்பிரிங், வெயிட், காத்து, பானா, அவ்ளோதான்.

அதனால என்னோட கோரிக்கை இதுதான். ரிசல்ட் போடறப்ப டிரைவர் பேருக்குப் பக்கத்துல க்ரூ சீஃப் பேரையும் ஒரு வரில போடுங்க. வர்ற மே மாசம் 600க்கு முந்தின சனிக்கிழமை விளையாட்டுப் பக்கத்துல கால் பக்கம் ஒதுக்கி, காரை எப்படித் தயார் பண்றாங்கன்னு போடுங்க. போட்டோ வேணும்னா நான் எடுத்து அனுப்பறேன், தராசுத் தட்டு, டேப்பு, பெரியவரோட நோட்டு எல்லாத்தையும். அவர்கிட்ட இப்பவே கேட்டு வெச்சிட்டேன், நோட்டுல நம்பர் தெரியாம எடுக்கறதுன்னா சரின்னுட்டாரு.

இப்படிக்கு,
கான்கார்டுல இருந்து உங்க கோயமுத்தூர் வாசகன்