சர்வர் மெதுவாகிவிட்டால் யாரைக் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறேன். புது போன் வந்தால் எழுதுகிறீர்கள், பாஸ்வேர்டை எப்படிப் பாதுகாப்பது என்று எழுதுகிறீர்கள், சரி. அந்த போனில் ஒரு பட்டனைத் தட்டியதும் எங்கிருந்தோ பதில் எடுத்துக்கொடுக்கிற டேட்டாபேஸ் சர்வரைப் பற்றி ஒரு வரிகூட வந்ததாக நினைவில்லை. அதைக் கவனித்துக்கொள்கிற பலர் அதை முறையாகப் படித்தவர்கள் இல்லை. புரோகிராம் எழுத வந்த இடத்தில் சர்வரையும் தலையில் கட்டியிருப்பார்கள். நானும் அப்படி வந்தவன்தான்.

மெதுவாக இருக்கிறது என்று முதல் புகார் வந்த அன்று, இணையத்தில் தேடி யாரோ போட்டிருந்த கான்ஃபிக் (சர்வரின் அமைப்புக் கோப்பு) வரிகளை அப்படியே காப்பியடித்தேன். எங்கள் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் ஸ்டார்ட்டே ஆகவில்லை! அதில் குவெரி கேஷுக்கு (டேட்டாபேஸிடம் ஒருமுறை கேட்ட கேள்வியின், அதாவது குவெரியின், பதிலை நினைவில் வைத்திருக்கும் வசதி) ஒரு வரி இருந்தது, அந்த வசதியையே 2018-ல் வந்த 8.0 பதிப்பில் தூக்கிவிட்டார்கள், நான் படித்த குறிப்போ அதற்கும் பல வருடம் முந்தியது. இப்போதெல்லாம் எதைப் படித்தாலும் தேதியையும் பதிப்பு எண்ணையும் பார்த்துவிட்டுத்தான் மேலே போகிறேன்.

அப்புறம்தான் மேனுவலைத் திறந்தேன். அதைப் படிக்கச் சொன்னால் எல்லோருக்கும் கோபம் வருகிறது, ஆனால் இலவசமாகக் கிடைப்பதில் அதைவிட நல்ல வாத்தியார் எனக்குக் கிடைக்கவில்லை. டேட்டாவை ராமில் வைத்துக்கொள்ள ஒதுக்கும் இடம், அதாவது மைஎஸ்க்யூஎல்லின் பஃபர் பூல், இன்னொரு டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸின் ஷேர்டு பஃபர்ஸ், இரண்டுமே யாரும் தொடாதவரை பொதுவாக வெறும் 128 எம்பிதான், மெஷினில் எவ்வளவு ராம் இருந்தாலும் சரி. மைஎஸ்க்யூஎல்லுக்கென்றே ஒதுக்கிய மெஷினில் ராமில் 80 சதவீதம் வரை பஃபர் பூலுக்குக் கொடுப்பதுண்டு. அதே கணக்கை போஸ்ட்கிரெஸுக்குப் போட்டால் மாட்டிக்கொள்வோம், ஏனென்றால் அது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கேஷையும் நம்பி ஓடுகிறது, கால் பங்கில் ஆரம்பி என்றுதான் அதன் மேனுவல் சொல்கிறது. போஸ்ட்கிரெஸில் வரிசைப்படுத்துவது (சார்ட்) போன்ற வேலைக்கு ஒதுக்கும் வொர்க்மெம் இன்னும் பொல்லாதது. 4 எம்பி போதாது என்று 256-க்கு ஏற்றிவிடுவார்கள். அது சர்வர் மொத்தத்துக்கும் அல்ல, ஒரு கனெக்‌ஷனுக்கும் அல்ல, ஒவ்வொரு சார்ட்டுக்கும் தனித்தனி. 100 பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு சார்ட் போட்டாலே 25 ஜிபி வரை போய்விடலாம்.

இத்தனையும் மாற்றி முடித்தேன், புகார் நிற்கவில்லை. கோளாறு கான்ஃபிக்கில் இல்லை. மைஎஸ்க்யூஎல்லில் ஸ்லோ குவெரி லாக் (நேரமெடுக்கும் குவெரிகளைக் குறித்துவைக்கும் பதிவு) சாதாரணமாக அணைந்தே கிடக்கும், ஆன் செய்தாலும் 10 வினாடி தாண்டியதைத்தான் எழுதும். அதை 1 வினாடியாகக் குறைத்து ஒரு நாள் விட்டுப் பார்த்தால் திரும்பத் திரும்ப ஒரே குவெரி. டேபிளின் தேதி நெடுவரிசையில் இன்டெக்ஸ் (புத்தகத்தின் பொருளடைவு மாதிரி, சீக்கிரம் தேட உதவுவது) இருந்தது, ஆனால் எந்த வரிசைகள் வேண்டும் என்று சொல்லும் வேர் கண்டிஷனில் அந்த நெடுவரிசையை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு வருடத்தை மட்டும் உருவியிருந்தோம். அப்படிச் செய்தால் அந்த இன்டெக்ஸ் பயன்படாது, மொத்த டேபிளையும் முதலிலிருந்து படிக்கும். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிக்குள் என்று மாற்றி எழுதியதோடு புகார் நின்றது. (எழுதியது நான்தான், ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை.)

இப்போது என்னிடம் யாராவது உதவி கேட்டு வந்தால் பதிப்பு எண், டேபிள் அமைப்பு, எத்தனை வரிசை, எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் (குவெரி எந்த வழியில் ஓடியது, எங்கே நேரம் போனது என்று காட்டும் கட்டளை) தந்த வெளியீடு, இவ்வளவையும் கொண்டுவரச் சொல்கிறேன். 'ரொம்ப ஸ்லோவா இருக்கு' என்று மட்டும் சொன்னால் எவ்வளவு தெரிந்தவரும் ஊகம்தான் சொல்ல முடியும். ஒரு எச்சரிக்கை, போஸ்ட்கிரெஸில் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் குவெரியை நிஜமாகவே ஓட்டும். டெலீட்டுக்கு முன்னால் அதைப் போட்டால் டேட்டா அழிந்தே போகும், முதலில் பிகின் கட்டளை கொடுத்துவிட்டு ஓட்டி, முடிந்ததும் ரோல்பேக் கொடுத்து மாற்றத்தை ரத்து செய்துவிடுங்கள்.

இதையெல்லாம் தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் இல்லை என்று நினைக்கவில்லை, இடம்தான் இல்லை. வாரம் ஒரு எக்ஸ்பிளெய்ன் வெளியீட்டை எடுத்து, இந்த வரி ஏன் இப்படி, இந்த எண் எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல உங்கள் பக்கத்தில் அரைப் பத்தி இடம் ஒதுக்குவீர்களா? முதல் வாரத்துக்கு வேண்டுமானால் என்னுடைய அந்தத் தேதி குவெரியையே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்